ஒட்டன்சத்திரம் டீசல் பட்டறை: இழுவை செத்துப்போன என் பழைய பிக்கப்புக்குக் கிடைத்த வைத்தியம்

பழைய டீசல் பிக்கப் வைத்து மலைக்கு லோடு அடிப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நீளமாகத்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் இந்தத் தொல்லையில் நான் நாலு மாதமும் முப்பதாயிரத்துக்குப் பக்கம் பணமும் தொலைத்தேன். அதைக் கடைசியில் தீர்த்து வைத்த பட்டறையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை.

என் வண்டி 2013 மாடல், 2.5 லிட்டர் டர்போ டீசல், காமன் ரெயில் இன்ஜின், ஓடியது 2 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டர். கம்பெனி பெயர் வேண்டாம், வந்த கோளாறு எந்த டர்போ டீசலுக்கும் வரக்கூடியதுதான். டர்போ என்றால், வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றி இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுகிற குட்டி விசிறி. பாச்சலூர் பக்கத்திலிருந்து மலைவாழை, சௌசௌ, சீசனில் காப்பிக்கொட்டை எல்லாம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு இறக்குவேன். மேலே போகும்போது சிமெண்ட், உரம், மளிகை. பரப்பலாறு அணையைத் தாண்டி ஏறுகிற அந்த ரோட்டில் ஒரு டன் லோடோடு கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாவது கியரிலேயே திருப்பிக்கொண்டிருந்த வண்டி, போன ஆடியிலிருந்து முதல் கியரிலும் திணற ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரைத் தரை வரைக்கும் மிதித்தாலும் இன்ஜின் 'ம்ம்ம்' என்று முனகும், பின்னாடி கரும்புகை கக்கும், வண்டி நகராது. ஆனால் சமவெளியில் எப்படியோ நாற்பதைத் தொட்டுவிட்டால் அப்புறம் ஓரளவு போகும், எண்பதுகூடப் போகும். நின்று கிளம்பும்போதும், வேகம் குறைத்து மறுபடி எடுக்கும்போதும்தான் பிரச்சனை. பஸ் ஸ்டாண்ட் ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினால் பின்னால் வருகிற ஷேர் ஆட்டோ ஹாரன் அடிக்கும் அளவுக்கு மந்தம்.

முதலில் வேறு ஊரில் ஒரு பெரிய பட்டறைக்குக் கொண்டு போனேன். அங்கே வண்டியை ரோட்டில் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்துப் பார்த்துவிட்டு 'புகை வருது, நாசில் போச்சு' என்றார்கள். இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாலு நாசிலையும் கழற்றி சர்வீஸ் பண்ணி, டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் மாற்றி 26,500 ரூபாய் ஆனது. வண்டியை எடுத்து வந்து ஏறினால் அதே முனகல். திரும்பப் போய்ச் சொன்னபோது 'அப்போ டர்போதான், மாத்திடலாம், 38 ஆயிரம் ஆகும்' என்றார்கள். நாசில் என்று உறுதியாகச் சொன்னவர்கள் அதே உறுதியோடு டர்போ என்று சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது, இவர்கள் பார்த்துச் சொல்லவில்லை, அடுத்து மாற்றக்கூடியது எது என்று சொல்கிறார்கள். சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கேரளா லோடு ஓட்டுகிற ஒரு டிரைவர் அண்ணன்தான் தாராபுரம் ரோட்டில் இருக்கும் இந்தப் பட்டறைக்கு வழி சொன்னார். போர்டு கிடையாது. வேப்பமரத்தடி, தகரக் கொட்டகை, ஒரு கம்ப்ரஸர், ஒரு குழி. மிஸ்திரிக்கு அறுபதை ஒட்டிய வயது, கூட இரண்டு பையன்கள். பெயரும் நம்பரும் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார், போன் எடுக்க ஆள் இல்லையாம். அதனால் அடையாளம் இவ்வளவுதான், தேடி வருகிறவர்கள் மார்க்கெட்டில் எந்த லோடு வண்டிக்காரரைக் கேட்டாலும் காட்டுவார்கள்.

எனக்கு இந்தப் பட்டறையில் முதலில் பிடித்துப்போனது, அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. டீ சொல்லிவிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். பத்து நிமிஷத்துக்குக் குறையாது.

'தம்பி, ஒரேயடியா ஒருநாள் செத்துச்சா, கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுதா?' நான் யோசித்துப் பார்த்தேன். ஆரம்பத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைந்தது, அப்புறம் ஒருநாள் சட்டென்று மோசமானது. இதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை. 'புகை என்ன நிறம்? டர்போ விசில் சத்தம் முன்ன கேட்ட மாதிரி கேக்குதா, மாறிடுச்சா? காலைல இன்ஜின் குளுந்து இருக்கிறப்பவும் இப்படியா, சூடானப்புறமா? மேல் ஸ்பீடு எவ்வளவு போகுது?'

எண்பது போகும் என்றதும் தலையாட்டிவிட்டு ஒரு விஷயம் சொன்னார், அதை அப்படியே எழுதுகிறேன், பலருக்கு உதவும். 'டீசல் ஃபில்டர் அடைச்சிருந்தா மேல் ஸ்பீடுலதான் வண்டி மூச்சு வாங்கும் தம்பி. லோடோட வேகமா போறப்பதானே இன்ஜினுக்கு டீசல் நிறைய வேணும். கீழ நல்லா எடுத்துட்டு மேல படுத்துக்கும். உங்களுக்குத் தலைகீழா இருக்கு. கீழ படுத்துக்குது, மேல போகுது. அப்ப டீசல் பத்தலைன்னு சந்தேகப்படறதுக்கு முன்னாடி காத்து பத்தலையான்னு பாக்கணும். கரும்புகைன்னா என்ன? ஊத்துன டீசல் எரியறதுக்குக் காத்து இல்லைன்னு அர்த்தம்.'

26,500 ரூபாய் போன திசையே தப்பு என்று அந்த ஒரு வாயில் புரிந்துவிட்டது.

அப்புறம் 'காலி வண்டியில நோய் தெரியாது, நாளைக்கு லோடோட வாங்க' என்று அனுப்பிவிட்டார். அன்றைக்கு ஒரு ரூபாய் வாங்கவில்லை. மறுநாள் மேலே கொண்டு போக வேண்டிய 20 மூட்டை சிமெண்டை ஏற்றிக்கொண்டு போனேன், சரியாக ஒரு டன். அவரே ஓட்டினார், நான் பக்கத்தில், பையன் பின்னால் உட்கார்ந்து புகையைப் பார்த்துக்கொண்டு வந்தான். வடகாடு ரோட்டில் ஏற்றம் ஆரம்பிக்கிற இடம் வரை போய்த் திரும்பினோம்.

போகிற வழியிலேயே ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். சமமான இடத்தில் நியூட்ரல் போட்டு விட்டார், வண்டி தடங்கல் இல்லாமல் உருண்டது. நிறுத்தி இறங்கி நாலு வீலிலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். ஒரு டிரம் மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அதை இன்ஜின் கோளாறு என்று நினைத்து இன்ஜினைப் பிரிக்கிறவர்கள் நிறையப் பேர் என்றார். அடுத்தது கிளட்ச். மேல் கியரில் போட்டு லோடோடு மிதித்தார். இன்ஜின் சுற்று மட்டும் ஏறி வண்டி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. இதில் சுற்றும் ஏறவில்லை, வேகமும் ஏறவில்லை, அப்போது கிளட்ச் நல்லாத்தான் இருக்கிறது. பிரேக்கும் கிளட்சும் இப்படிக் கழிந்தன, ஒரு ஸ்பானர்கூட எடுக்காமல்.

திரும்பி வந்த பிறகுதான் வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கிற கையடக்க ஸ்கேனரை மாட்டினார். கம்ப்யூட்டர் பதிந்து வைக்கிற கோளாறு எண், அதாவது 'கோடு', எதுவும் இல்லை, டாஷ்போர்டில் லைட்டும் எரியவில்லை. நான் கொஞ்சம் சோர்ந்துவிட்டேன். 'கோடு இல்லைன்னா வண்டி நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லை தம்பி, கம்ப்யூட்டருக்குத் தெரியலைன்னுதான் அர்த்தம்' என்று சொல்லிவிட்டு, கோடு பக்கத்தை விட்டுவிட்டு ஓடும்போது வரும் ரீடிங்கைப் பார்க்க ஆரம்பித்தார். ஆக்சிலேட்டர் பெடல் சென்சார் பூஜ்யத்திலிருந்து நூறு வரை விட்டுவிடாமல் ஏறுகிறதா என்று என்னை மெதுவாக மிதிக்கச் சொல்லிப் பார்த்தார், சரியாக இருந்தது. மறுபடி ரோட்டுக்குப் போனோம், இந்த முறை ஸ்கேனர் பையன் கையில். இரண்டாவது கியரில் முழுசாக மிதித்தபோது இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம் 130 கிலோபாஸ்கலோடு நின்றுவிட்டது. இந்த இன்ஜினுக்கு லோடில் 200 பக்கம் போக வேண்டும் என்றார். சாதாரணக் காற்றே 100 பக்கம் இருக்கும், அப்படியென்றால் டர்போ சேர்த்துக் கொடுக்க வேண்டியதில் மூணில் ஒரு பங்குகூட உள்ளே போகவில்லை.

இங்கேதான் அந்தப் பெரிய பட்டறை 'டர்போ மாத்து' என்று சொன்னது ஞாபகம் வந்தது, அதைச் சொன்னேன். மனுஷன் டர்போவுக்குப் போகிற காற்றுக் குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு அந்தக் குட்டி விசிறியை ஆட்டிக் காட்டினார். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருந்தது, அது இருக்கலாமாம். முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் இல்லை, விசிறி இறக்கை எங்கேயும் உரசின தடம் இல்லை, சுற்றிவிட்டால் தடையில்லாமல் சுற்றியது. 'இது இன்னும் ஓடும். காத்தை இது அனுப்புது, வழியில எங்கயோ போகுது.'

அந்த எங்கே என்பதைக் கண்டுபிடித்த விதம்தான் எனக்கு மறக்காது. பழைய பிளாஸ்டிக் மூடி ஒன்றில் டியூப் வால்வு பொருத்திச் செய்து வைத்திருக்கிறார். அதை டர்போ வாயில் கிளாம்ப் போட்டு இறுக்கி, கம்ப்ரஸரிலிருந்து 15 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல் மெதுவாகக் காற்று ஏற்றினார். பையன் சோப்புத் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் எடுத்து ஒவ்வொரு ஹோஸாக, ஒவ்வொரு மூட்டாக அடித்துக்கொண்டே வந்தான். மேல் பக்கம் எல்லாம் சுத்தம். டர்போ காற்றைக் குளிரவைக்கிற இன்டர்கூலரிலிருந்து இன்ஜினுக்கு வருகிற ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம் அடித்ததும் நுரை பொங்கி வழிந்தது. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஹோஸ் ஒரு இரும்புப் பட்டையில் உரசி உரசி, கீழே மூணு விரல் நீளத்துக்குக் கிழிந்திருக்கிறது. கையால் தொட்டால் கிழிசல் மூடிக்கொண்டு ஒன்றுமே தெரியவில்லை, காற்று ஏறினால் மீன் வாய் மாதிரி திறக்கிறது. நின்ற இடத்தில் எத்தனை பேர் ரேஸ் கொடுத்துப் பார்த்திருந்தாலும் இது கண்ணில் பட்டிருக்காது. லோடு ஏறி டர்போ அழுத்தம் கொடுத்தால்தான் வாய் திறக்கும். திடீரென்று ஒருநாள் மோசமானது இதனால்தான்.

புது ஹோஸ் மாட்டினோம். அந்த இரும்புப் பட்டையை வளைத்து ஒதுக்கி, பழைய டியூப் துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டினார். ரோட்டுக்குப் போனால் நல்ல வித்தியாசம், ரீடிங் 165 தொட்டது. எனக்கு அதுவே சந்தோஷம், காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பத் தயாராகிவிட்டேன். உண்மையிலேயே அன்றைக்கு என்னை அனுப்பியிருந்தால் நான் நன்றி சொல்லிவிட்டுத்தான் போயிருப்பேன்.

அவர் அனுப்பவில்லை. 'நீங்கதானே சொன்னீங்க, முதல்ல கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுதுன்னு. ஹோஸ் கிழிஞ்சது சட்டுனு. அப்ப மெதுவா குறைச்சது இன்னொண்ணு உள்ள இருக்கு.'

அந்த இன்னொன்று இஜிஆர் வால்வு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள்ளேயே அனுப்புகிற வால்வு அது. எரியும் சூட்டைக் குறைத்து நைட்ரஜன் ஆக்சைடு புகையைக் குறைப்பதற்காக வைத்தது. மெதுவாகப் போகும்போது திறக்கும், முழுசாக மிதித்தால் மூடிக்கொள்ள வேண்டும். அது மூடாமல் மாட்டிக்கொண்டால் இரண்டு பக்கமும் அடி. நல்ல காற்று போக வேண்டிய இடத்தில் எரிந்த புகை போய் உட்கார்ந்துகொள்ளும், அது ஒன்று. டர்போவைச் சுற்ற வேண்டிய புகையில் ஒரு பகுதி இந்தப் பக்கம் ஓடிவிடும், அது இன்னொன்று. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது வருகிற புகையே கொஞ்சம், அதிலும் பங்கு போனால் டர்போ எழுந்திருக்கவே எழுந்திருக்காது. வேகம் ஏறி புகை நிறைய வந்தால் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். கீழே மந்தம், மேலே பரவாயில்லை என்ற என் வண்டியின் குணம் அப்படியே இதுதான்.

இதையும் கழற்றிப் பார்க்கும் முன் சோதித்தே சொன்னார். வால்வு வாயில் மெல்லிய தகடு ஒன்றை வெட்டி வைத்து தற்காலிகமாக அடைத்துவிட்டு ஓட்டினார். வண்டி குதித்தது. ரீடிங் 195. சிமெண்ட் மூட்டையோடு இரண்டாவது கியரில் அந்த ஏற்றத்தில் நின்று கிளம்பியது, நாலு மாதமாக நான் கேட்காத அந்த மெல்லிய விசில் சத்தத்தோடு.

அப்படியே தகட்டை விட்டுவிடுங்களேன் என்று நான் கேட்டேன். நிறையப் பேர் அப்படித்தான் அடைத்து ஓட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். முகத்தைச் சுளித்து முடியாது என்றார். புகை வெளியே விஷமாகப் போகும், எட்டு வருஷம் தாண்டின வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி என்கிற தகுதிச் சோதனை இருக்கிறது, அங்கே போய் நிற்கப் போவது நீங்கள், சுத்தம் செய்தால் சரியாகிற பொருளை ஏன் சாகடிக்க வேண்டும், இதுதான் அவர் பதில். பொழுது சாய்ந்துவிட்டதால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தேன். சிமெண்ட் ஒருநாள் தாமதம் என்று மேலே போன் பண்ணிச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் வால்வைக் கழற்றும்போது கூட இருந்தேன். உள்ளே பார்த்தால் ரோடு போடுகிற தார் மாதிரி, கறுப்பும் எண்ணெயும் கலந்து காய்ந்த கரி. இரண்டு விரல் நுழைகிற வழியில் சுண்டுவிரல் நுழையும் அளவு சந்துதான் மிச்சம். வால்வு போய் உட்காருகிற இடத்தில் நெல்மணி அளவுக்கு ஒரு கரித்துண்டு ஒட்டியிருந்தது. அந்தத் துண்டு தான் வால்வை மூடவிடாமல் இத்தனை நாளும் தாங்கிப் பிடித்திருக்கிறது. பையன் அதை டீசலில் ஊறப்போட்டு, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, கிளீனர் அடித்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து சுத்தம் செய்தான். எங்கேயும் ஸ்க்ரூடிரைவர் வைத்துச் சுரண்டவில்லை, வால்வு உட்காரும் இடத்தில் கீறல் விழுந்தால் திரும்பவும் மூடாதாம். அதை இயக்குகிற வேக்கம் ஹோஸ் நுனி வெடித்திருந்தது, அந்த நுனியை வெட்டிவிட்டு மறுபடி சொருகினார்கள். புது கேஸ்கெட் போட்டு மாட்டி, தகடு இல்லாமல் ஓட்டியபோது ரீடிங் அதே 195.

பில் விவரம் இதுதான். ஹோஸ் 1,650, இரண்டு கிளாம்ப் 160, கேஸ்கெட் 120, கிளீனர் 280, கூலி இரண்டு நாளுக்கும் சேர்த்து 2,500. மொத்தம் 4,710 ரூபாய். 'பாத்துச் சொல்றதுக்கு'த் தனியாக 500 கேட்பார் என்று சொல்லியிருந்தார்கள், வேலையும் அங்கேயே செய்ததால் அதைச் சேர்க்கவில்லை. கழற்றின பழைய ஹோஸை என் கையில் கொடுத்துவிட்டார். மைலேஜ் லோடோடு 9 கொடுத்தது இப்போது 11 தாண்டுகிறது, மூணு முறை டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

குறைகளும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு வண்டிக்கு மேல் தொடமாட்டார், அவசரம் என்று போனால் காத்திருக்கத்தான் வேண்டும். நான் போன இரண்டாம் நாள் எனக்கு முன்னால் ஒரு டிராக்டர் நின்றதால் பதினொரு மணி வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். ஜிஎஸ்டி பில் கிடையாது, துண்டுச் சீட்டுதான், கம்பெனி கணக்கில் ஓடுகிற வண்டிக்கு அது சரிப்படாது. கார்டு எடுக்கமாட்டார், ஜிபே உண்டு. அமாவாசை அன்று கடை இல்லை. பார்ட்ஸ் ஸ்டாக் எதுவும் வைத்திருக்கமாட்டார், ஹோஸ் வாங்க நானே திண்டுக்கல் வரை போய் வந்தேன், போகும்போது பழைய ஹோஸைக் கையோடு கொண்டு போகச் சொன்னார், மாடல் வருஷத்தை மட்டும் சொன்னால் வளைவு மாறிப்போகுமாம். அது உண்மைதான், கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது வேறு வளைவு. பெட்ரோல் வண்டிகளையும் புதுப் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த பிஎஸ் 6 வண்டிகளையும் அவர் வாங்கமாட்டார், 'அது எனக்குத் தெரியாது' என்று வாசலிலேயே சொல்லித் திருப்பி அனுப்பியதை நானே பார்த்தேன். எனக்கு அதில் மரியாதை கூடியது.

அங்கே போகிறவர்களுக்கு ஒன்று. வண்டியைக் கழுவிக் கொண்டு போகாதீர்கள், எண்ணெய்க் கசிவும் கரித்தடமும் அவருக்கு அடையாளம். எப்போது ஆரம்பித்தது, எந்த கியர், எந்த ஏற்றம், புகை என்ன நிறம் என்று நாலைந்து நாள் கவனித்து மனசில் வைத்துக்கொண்டு போங்கள். 'இழுவை இல்லை' என்று மட்டும் சொன்னால் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு வரச் சொல்லுவார், அதற்காகக் கோபப்பட வேண்டாம்.

இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடினதும் புது ஹோஸின் கிளாம்ப்பை ஒருமுறை முறுக்கிக்கொள்ள வேண்டும், ரப்பர் சூட்டில் அமுங்கும் என்று சொல்லியிருந்தார். போன வாரம் வாழைத்தார் இறக்கிவிட்டு அப்படியே போனேன். கிளாம்ப் அரைச் சுற்று வாங்கியது. பையன் அந்தப் பழைய மூடியை மாட்டிக் காற்றேற்றி, அடிப்பக்கம் முழுக்கச் சோப்புத் தண்ணீர் அடித்து, கண்ணாடியைக் கீழே நீட்டி எனக்குக் காட்டினான். ஒரு குமிழ்கூட இல்லை. காசு கொடுத்தேன், வாங்கவில்லை, சீப்பு இரண்டு மலைவாழை கொடுத்தேன், அதை வாங்கிக்கொண்டார்.